எசென்பெக் சொந்தமாக கியர் போட்ட கதை

எசென்பெக் புரட்சி செய்வதென்று முடிவெடுத்தான். பெரிய புரட்சியெல்லாம் இல்லை. காரில் ஒரு சுவிட்ச்.

பிஷ்கெக் நகரத்தில் குடிநீர் அலுவலகத்தில் அவனுக்குக் கீழே ஒரு பட்டாளமே வேலை செய்தது. வீட்டில் அவனுக்கு மேலே ஒரே ஆள்தான்: மனைவி பெர்மெத். எந்தச் சட்டை போடுவது, விருந்தாளி சொன்ன ஜோக்குக்கு எவ்வளவு சிரிப்பது, எல்லாம் அவள் முடிவு. மிச்சமிருந்தது ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். அதுவோ ஆட்டோமேட்டிக். எந்த கியர் என்பதை அதுவே தீர்மானித்தது. அவனைக் கேட்காமல் நடக்கும் காரியங்களில் இன்னொன்று.

போன கோடையில் மாமனாரின் மேய்ச்சல்வெளிக்குப் போகும்போது, கணவாய் இறக்கத்தில் வண்டி தன் இஷ்டத்துக்கு உயர் கியருக்குத் தாவியது. பிரேக் புகைந்தது. மச்சான்கள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த வசந்தத்தில் பெர்மெத் லைசென்ஸ் எடுத்துவிட்டு வந்து சாவி கேட்டபோது, "கணவாயில ஓட்ட ஆம்பளை கை வேணும்" என்று மறுத்துவிட்டான். கல்யாணமான பிறகு அவன் ஜெயித்த ஒரே வழக்கு அது. அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

மெக்கானிக் தாலாய் பாதி நாள் காருக்கு அடியிலேயே கிடந்தான்.

"கியர் பெட்டிக்கு உத்தரவு போடற ஒயரை வெட்டி இந்த சுவிட்ச்ல சேத்திருக்கேன் அண்ணே. மேல தள்ளினா ஆன். அப்புறம் இந்தக் குமிழைத் திருப்பினா நீங்க சொல்ற கியர்தான்."

எசென்பெக்கின் காதில் 'ஆன்' என்பது 'ஆண்' என்றே விழுந்தது. மேலே தள்ளினான். நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது.

பெர்மெத் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, காலிங் பெல்லா?"

"கியர் சுவிட்ச். இனிமே இந்த வண்டி என் பேச்சைக் கேக்கும்."

"லிவர்லயே ரெண்டுன்னு போட்டிருக்கே?"

"அது வண்டி போடற பிச்சை. இது உரிமை!"

"ஓகோ. அந்த உரிமையை ஏன் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல வெச்சிருக்கீங்க?"

"என் இடது கைக்கு எட்டணுமில்ல?"

"என் வலது கைக்கும் எட்டுதே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கோடைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மேய்ச்சல்வெளிக்குக் கிளம்பினார்கள். ஏற்றத்தில் எசென்பெக் சுவிட்சை ஆண்மையோடு மேலே தள்ளினான்; குமிழைத் திருப்பத்தான் மறந்துவிட்டான். வண்டி மூன்றாவது கியரில் மூச்சு முட்டி நகர்ந்தது. நிலக்கரி லாரி முந்தியது. குதிரையில் வந்த கிழவர் ஒருவர் முந்தினார். போகிற போக்கில் தொப்பியைத் தூக்கி அனுதாபமும் தெரிவித்தார்.

"ரெண்டுக்கு மாத்துங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சதை எப்ப செய்யறதா உத்தேசம்?"

உச்சியைத் தாண்டியதும் இறக்கம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் அவன் இடது கை குமிழைத் தேடிப் போனது; வண்டி அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைத் தேடிப் போனது.

"ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல வைங்க!" பெர்மெத் குமிழைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. வண்டி காதைப் பிடித்து இழுத்த மாதிரி அடங்கியது. அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு, நேரான இடத்தில் மூன்று, எல்லாம் அவள் விரல்தான். எசென்பெக்கின் பங்கு வியர்ப்பது.

கீழே மச்சான்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். பெரியவன் குனிந்து மோந்து பார்த்தான்.

"புகையே இல்லையே மச்சான்! எப்படி எறக்குனீங்க?"

எசென்பெக் பெர்மெத்தைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் இந்தக் கை" என்றான்.

"ஆமாண்ணே. கண்ணால பாத்தேனே" என்றாள் பெர்மெத்.

அவ்வளவுதான். கூடாரத்தில் சுற்றுவட்டாரமே கூடிவிட்டது. கணவாயை வென்றவனுக்கு ஒரு கிண்ணம் குமிஸ் ஊற்றினார்கள். புளித்த குதிரைப்பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. வீரனால் அதைச் சொல்ல முடியுமா? அடுத்து சாராயம். மச்சானுக்கு ஒரு வாழ்த்து, வாழ்த்துக்கு ஒரு கோப்பை.

"அவருக்கு ஊத்தாம விட்டுறாதீங்க, கையே கை" என்று பெர்மெத்தும் எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த சுவிட்ச் இருந்தா..." எசென்பெக் கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கினான். "ஒரு குழந்தைகூட கணவாயைத் தாண்டிரும்!"

"எல்லாரும் கேட்டீங்களா?" என்றாள் பெர்மெத்.

மறுநாள் காலையில் அவன் தலைக்குள் அதே நிலக்கரி லாரி ஓடிக்கொண்டிருந்தது. அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. பெர்மெத் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"கணவாயில ஆம்பளை..." என்று ஆரம்பித்தான்.

"குழந்தையே ஓட்டலாம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை" என்றார் மாமனார், அவன் தோளைத் தட்டி. சபையில் சாட்சிகள் நாற்பது பேர்.

பெர்மெத் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் மூட்டை முடிச்சோடு மாமியார், குமிழில் கையை வைத்தபடி. குளிர்காலம் முழுக்க மகள் வீட்டில்தானாம். பின்சீட்டில் மீதி மூட்டைகளுக்கு நடுவே எசென்பெக்கும், மச்சான்கள் அன்பளிப்பாகக் கொடுத்த உயிருள்ள செம்மறி ஆடும்.

ஜன்னலோரம் ஆட்டுக்கு.