போர்த்துக்கல் மாதாவும் என் சட்டையும்

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவனுடைய மூளை லீவில் போய்விடும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. போர்த்துக்கல்லின் தெற்குக் கரையில், ஒரு ஊரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அரைக்காற்சட்டையோடு நின்று கற்றுக்கொண்டேன்.

என் மாமா மன்னார்க்காரர். பூசை தவறாத கத்தோலிக்கர். நானோ யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்து, சிட்னியில் வேலை எடுத்து, அங்கே டூங்கபிப் பக்கம் இருந்த அவருடைய ஒரே மகள் ஸ்டெலாவைக் காதலித்தேன். மனிதர் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து தந்தார். அதோடு சரி. பிறகு இரண்டு வருடமாக என்னோடு நேரே ஒரு சொல் பேசவில்லை. சண்டையும் இல்லை, முறைப்பும் இல்லை. எல்லாம் ஸ்டெலா வழியாகத்தான் வரும்.

நான் அவருக்கு எதிரே, அதே மேசையில், வாய் நிறையச் சோற்றோடு இருப்பேன். அவர் மகளைப் பார்த்துச் சொல்வார்: "பிள்ளை, அவருக்கு இன்னும் கொஞ்சம் மீன் வேணுமோ எண்டு கேள்."

நான் ஸ்டெலாவைப் பார்த்து, "போதும் எண்டு சொல்லும்" என்பேன்.

(இரண்டு நாட்டுத் தூதுவர்கள்கூட இவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கமாட்டார்கள்.)

வெளியே சிரிப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெரிய கவலை. ஒருதரம், ஒரே ஒருதரம், அந்த மனிதர் வாயால் என்னை "மருமகன்" என்று கூப்பிட்டால் போதும் என்று ஏங்கினேன்.

மாமி காலமான பிறகு மாமா வீட்டோடு முடங்கிவிட்டார். அவரை எங்கேயாவது கூட்டிப்போகவேண்டும் என்று ஸ்டெலாதான் தொடங்கினாள். சிட்னிக் குளிரிலிருந்து தப்பி ஐரோப்பிய வெயிலுக்குப் போவது எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம். ஆனால் ஸ்டெலா ஒரு நிபந்தனை போட்டாள். "எல்லாரும் போய்ப் படம் எடுத்துப் போடுற இடம் வேண்டாம். பேர் தெரியாத சின்னக் கடற்கரை ஊராப் பாத்துப் போவம்." போர்த்துக்கல் என்றதும் மாமாவின் முகம் மலர்ந்தது. "எங்களுக்கு வேதம் கொண்டுவந்த ஆக்கள். அவையின்ரை கோயிலை ஒருக்கால் பாக்கத்தானே வேணும்" என்றார், ஸ்டெலாவிடம்.

அருமையான ஊர்கள். ஒரு ஊரில் உப்பளங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்த ஊரில் கணவாய்க்குத் தம்பி மாதிரி இருக்கும் எட்டுக்கால் பிராணியைப் பிடிக்க மண்பானைகளைக் கயிற்றில் கட்டிக் கரையெல்லாம் அடுக்கியிருந்தார்கள். சுட்ட சாளை மீனின் வாசம் வெள்ளை வீடுகளுக்கு நடுவே எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. போர்த்துக்கேயர் எங்கள் ஊரில் விட்டுப்போன சொல்லாயிற்றே என்று, மாமா ஒரு கடையில் சும்மா "கதிரை" என்று சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் உடனே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அன்றிலிருந்து மாமாவைப் பிடிக்க முடியவில்லை. தெரிந்த நாலைந்து போர்த்துக்கேயச் சொல்லை வைத்துக்கொண்டு கரையோரத்துக் கடைக்காரர் எல்லாரோடும் பேசினார். என்னோடு மட்டும்தான் பேசவில்லை.

மூன்றாவது ஊருக்கு நாங்கள் போய் இறங்கியபோது அங்கே மாதா திருநாள். மீனவர்களின் மாதாவைக் கோயிலிலிருந்து பல்லக்கில் சுமந்துபோய், படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுவார்களாம். பான்ட் வாத்தியம் முழங்க, தெரு முழுக்கப் பூத் தூவ, மாதா அசைந்து அசைந்து வந்தார். மாமா கைகூப்பி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை," என்றார் ஸ்டெலாவிடம். "எங்கடை ஊரிலை எண்டால் நிக்கிற ஆம்பிளையள் எல்லாரும் ஓடிப்போய்த் தோள் குடுத்திருப்பினம்."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை! மூளை லீவில் போனது அந்தக் கணத்தில்தான்.

எனக்குச் சாமி தூக்கத் தெரியாதா? எங்கள் ஊர்க் கோயிலில் எத்தனை திருவிழாவுக்குத் தூக்கியவன்! சாமிக்குத் தோள் கொடுக்க என்ன செய்யவேண்டும்? முதலில் சட்டையைக் கழற்றவேண்டும். மேலே துணியோடு சாமியைத் தொட்டால் ஐயர் ஏசுவார். கிளி படம் போட்ட என் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக் கட்டினேன். செருப்பை உதறினேன். "அரோகரா!" என்று ஒரு சத்தம் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் நீலப் பட்டியுமாக வந்த வரிசைக்குள் புகுந்து பல்லக்குத் தண்டுக்குக் கீழே தோளை வைத்தேன்.

முதலில் நின்றது ட்ரம்பெட். பிறகு மேளம். பிறகு ஊர்.

நான் அதைப் பக்தி மௌனம் என்று நினைத்தேன். (நினைக்கமாட்டேனா பின்னே?) அந்த நேரம் கறுப்பு உடுத்த ஒரு பெண்மணி ஓடிவந்து, தான் போட்டிருந்த சால்வையை எடுத்து என் மேல் போட்டு, இழுத்து மூடினார். என் வெற்றுடம்பை மாதாவின் கண்ணிலிருந்து மறைக்கத்தான் அந்த மனுஷி பாடுபடுகிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு ஒருவர் சால்வை போர்த்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்! புல்லரித்துப்போய், இரண்டு கையையும் தண்டிலிருந்து எடுத்து, அவரைக் குனிந்து கும்பிட்டேன்.

தோளும் கையும் போனதும் பல்லக்கு ஒரு பக்கம் சரிந்தது. ஊரே "ஆ!" என்றது. மற்றவர்கள் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை நான் சிறையிலிருந்துதான் எழுதியிருப்பேன். ஒரு போலீஸ்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். ஸ்டெலா என் இடுப்பில் கிடந்த சட்டையைக் காட்டி, "கடவுளே, சேட்டைப் போடுங்கோப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். எல்லாம் முடிந்தது, இனி மாமா மகள் வழியாகக்கூடப் பேசமாட்டார் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்த்தால், மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறார். நேரே போலீஸ்காரருக்கு முன்னால் போய் நின்று, என் நெஞ்சில் கையை வைத்தார்.

"சேர், மை மருமகன்! மருமகன்! ஹிண்டு! ஹிஸ் டெம்பிள், நோ சேட்! நோ சேட், குட் ரெஸ்பெக்ட்!"

போலீஸ்காரருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. பின்னால் வந்த பாதிரியாருக்கு விளங்கிவிட்டது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து ஊராருக்கு மொழிபெயர்க்க, தெருவின் அந்த முனைவரை சிரிப்புப் பரவியது. சால்வைப் பெண்மணி என் கன்னத்தைக் கிள்ளினார். தண்டு பிடித்திருந்த ஒருவர் தன் இடத்தை மாமாவுக்குக் கொடுத்தார்.

மாமா தோள் கொடுக்கப் போகுமுன் என் பக்கம் திரும்பினார். இரண்டு வருடத்தில் முதல்தடவையாக, நேரே என் கண்ணைப் பார்த்து, என்னோடு பேசினார்.

"உமக்கென்ன, விசரே?"

பைத்தியமா என்று கேட்டதுதான். ஆனால் அதைப்போல இனிமையான வார்த்தையை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. "ஓம் மாமா" என்றேன்.

இப்போது மாமாவின் பேச்சை நிறுத்துவதுதான் எங்கள் வீட்டில் பிரச்சினை. இந்தக் கதையை அவர் சொல்லாத வீடு டூங்கபியில் இல்லை. ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் இனிப்பு வாங்கப் போனால், கடையில் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் சொல்கிறார். போன மாதம் எங்கள் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மாதா திருநாள் வைத்தார்கள். சொரூபம் தூக்க ஆள் சேர்த்தபோது மாமா என்னைத்தான் முதல் ஆளாக இழுத்துக்கொண்டு போனார். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அத்தனை பேருக்கும் முன்னால், சின்னப் பிள்ளைக்குப் பூட்டுவதுபோல், என் கழுத்துப் பட்டன்வரை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார். பிறகு பாதிரியாரிடம் பெருமையாகச் சொன்னார்:

"என்ரை மருமகன், ஃபாதர். தங்கமான பிள்ளை. சாமியைக் கண்டால் மட்டும் உடம்பிலை சேட் நிக்காது."