இரண்டு ஆன்டெனாவும் உன் அம்மாவின் ஆபரேஷனும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு சுகம் என்று வழக்கம்போல் எழுத இன்று கை வரவில்லை. உன் அம்மாவின் பித்தப்பை ஆபரேஷன் நின்றுவிட்டது. நிறுத்தியது நான். இல்லை, உன் வயர்லெஸ் ஆராய்ச்சி.

காலையில் தூக்க ஊசி போட்டு அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, டாக்டர் இரண்டு விஷயம் கேட்டார். பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா? ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தியாயிற்றா? பதில் வீட்டு பீரோவிலுள்ள பழைய ஃபைலில்; மாத்திரையை நிறுத்த வேண்டிய தேதியும் அதில்தான் குறித்திருந்தது. ஓடினேன், எடுத்தேன், வீட்டிலிருந்தே ஆபரேஷன் அறைக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் அறை தரைக்குக் கீழே; பாதிச் சொல்லைச் சுவரே விழுங்கிவிடுகிறது. அங்கே அவளை வெட்டத் தயாராக நிற்கிறார்கள், இங்கே நான் "ஹலோ ஹலோ" என்று கத்துகிறேன்.

அப்போதுதான் நீ போன விடுமுறையில் விளக்கியது நினைவுக்கு வந்தது. இரண்டு ஆன்டெனா, இரண்டு செய்தி. முதலில் ஆளுக்கு ஒன்று. அடுத்து இடம் மாற்றி, ஒன்றுக்கு மட்டும் எதிர்க்குறி போட்டு, அதாவது தலைகீழாக்கி. வழியில் எது சிதைந்தாலும், வாங்குகிறவர் நான்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இரண்டையும் மீட்டுவிடலாம். ஆஸ்பத்திரியில் காத்திருந்த உன் சித்தப்பாவைப் படிக்கட்டிலும் மாமாவை ஜன்னலோரமும் போனிலேயே நிறுத்தினேன். முதலில் சித்தப்பாவிடம் "பென்சிலின் ஒத்துக்காது", மாமாவிடம் "மாத்திரை நிறுத்தியாச்சு". அடுத்து மாமாவிடம் "பென்சிலின் ஒத்துக்காது", சித்தப்பாவிடம் எதிர்க்குறி போட்டு "மாத்திரை நிறுத்தல".

"அண்ணே, நிறுத்தலயா?"

"சொன்னதை அப்படியே போய்ச் சொல்லுடா!"

சொல்லியிருக்கிறான். டாக்டர் கையுறையோடு வெளியே வந்துவிட்டாராம். "ஒருத்தர் நிறுத்தியாச்சுங்கறீங்க, ஒருத்தர் நிறுத்தலங்கறீங்க. நான் கத்தி வைக்கவா, வேண்டாமா?"

"எங்க அண்ணன் கணக்கு வாத்தியாருங்க. நாலையும் கூட்டிக் கழிச்சுப் பாருங்க, சரியா வரும்" என்றிருக்கிறான் உன் சித்தப்பா.

வாங்குகிறவருக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும் என்பதை மறந்தேன் மகளே. முப்பத்தைந்து வருஷத்தில், பாடம் நடத்தாமல் ஒரு பரீட்சை வைத்தவனில்லை நான். மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது உன் அம்மா படுத்திருந்த தள்ளுவண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். குறட்டை விட்டாள். அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை.

இனி ஆபரேஷனுக்கு மறுபடி தேதி வாங்க வேண்டும். மாமா என்னோடு பேசவில்லை. அம்மா கண் விழித்ததும் என்ன சொல்வாளோ என்று யோசித்தபடியே இதை எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராதிருக்க என் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா விழித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் கூரையைப் பார்த்தபடி, "கேட்டுட்டுக் கத்தாதீங்க. நான் மாத்திரையை நிறுத்தவே இல்ல. நிறுத்தினா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். இன்னிக்குக் காலைலகூட ஒண்ணு போட்டேன்" என்றாள். டாக்டரிடம் சொன்னேன். வெட்டியிருந்தால் ரத்தம் நின்றிருக்காது என்று சொல்லி, அவரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரையைப் பற்றி நான் அனுப்பியதில் உண்மையாக இருந்தது, பொய் என்று நினைத்து அனுப்பிய "நிறுத்தல" மட்டும்தான். இதற்கு உங்கள் கணக்கில் என்ன பெயர் என்று உடனே எழுது.