பச்சை விளக்கு அணையாதிருக்க வேண்டி

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் நாத்தனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் உடல்நலத்துக்குக் குறைவில்லை. மனநலம் மட்டும் இன்று பிற்பகல் மூன்று மணிவரை தங்கள் கையில் இருக்கிறது.

தங்கள் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் பச்சை விளக்கோடு நான் வைத்துவிட்டு வந்த சிறு பெட்டியைத் தாங்கள் அறிவீர்கள். நான் எந்த ஊரில் மடிக்கணினியைத் திறந்தாலும், தங்கள் வீட்டிலிருந்தே பணிபுரிவதாக நிறுவனத்துக்குக் காட்டுவது அதுதான். பதிவுசெய்த முகவரியை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும். அத்தகைய பெட்டியைத் திங்களன்று தாங்கள் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருக, அக்கணமே நான் கடல் தாண்டி இருப்பது அம்பலமாகி, மேற்பார்வையாளர் அழைத்து, "மேடம், பத்து மணிக்கு வீட்டுல இருந்தீங்க, பத்து அஞ்சுக்கு வேற நாட்டுல இருக்கீங்க. ராக்கெட்ல போனீங்களா?" என்று கேட்க, "கம்ப்யூட்டர் ஏதோ உளறுது சார்" என்று நான் சமாளிக்க, அவர் நம்பாமல், "வியாழக்கிழமை மூணு மணிக்கு கேமராவுல வீட்டைச் சுத்திக் காட்டுங்க" என்றுவிட, தங்கள் கூடத்துத் திரைச்சீலையைப் போலவே மஞ்சள் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை வாங்கி இன்று காலை நான் சுவரில் ஆணியடிக்க, வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "ஏம்மா, சுவத்துக்குக் குளிருதா? பக்கத்து ரூமுக்கு முந்தாநாள் ஒரு சார் வந்திருக்கார். கதவையே திறக்காம கம்ப்யூட்டரும் கையுமா கிடக்கார். சத்தம் போடாதே!" என்று அதட்ட, தங்களைத் தொலைபேசியில் அழைத்தால் தாங்களோ, "ஒரு சட்டை தேய்க்கிற நேரத்துல உன் ஆபீஸ் முழுகிடுமா?" என்கிறீர்கள். அலுவலகம் மூழ்காது அண்ணி, நான்தான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிப்படிப்பு பாதியில் நின்றும், அகராதியை மடியில் வைத்துத் தானே கற்று, சலவை இயந்திரக் கையேடுகளைப் பிழைதிருத்தும் நிலைக்கு உயர்ந்தவள் நான். நாற்பத்தாறு வயதில்தான் ஓர் அறையின் சாவி என் ஒருத்தி கையில் இருக்கிறது. ஆயினும் இன்றைய கண்டம் நீங்குமானால், இந்த ஏமாற்றை விட்டொழித்து நாளையே புறப்படுவதாக உறுதியளிக்கிறேன். பின்னறையை ஒழித்து வையுங்கள். மூன்று மணிவரை சட்டைகள் கசங்கியே இருக்கட்டும்.

அண்ணனுக்கு என் வணக்கமும், அவருடைய கசங்கிய சட்டைக்கு என் வருத்தமும்.

இங்ஙனம்,
பணிவன்புள்ள நாத்தனார்

பி.கு.: பதற்றத்தில் இதை அனுப்பவே மறந்துவிட்டேன், அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. "கேமராவை ஜன்னல் பக்கம் திருப்புங்க" என்ற மேற்பார்வையாளரின் குரல் முதலில் சுவருக்கு அப்பாலிருந்தும், பிறகு கணினியிலிருந்தும் கேட்டது. பயத்தில் காது குழம்பிவிட்டதென எண்ணினேன். அந்நேரம் வீட்டுக்காரம்மா பக்கத்து அறைக் கதவைத் தட்ட, திரையில் மேற்பார்வையாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சார், உங்க துணி மழையில நனையுது!" இதுவும் இரண்டு முறை கேட்டது. நான் சுவரை மெல்லத் தட்டினேன். திரையில் அவர் தம் ஒலிவாங்கியை அணைத்தார்.

பிறகு, சுவர் வழியாக மட்டும்: "மேடம், உங்க பெட்டி யார் வீட்ல?"

"அண்ணி வீட்ல சார்."

"அதுல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா? என் மச்சான் வீட்ல தினமும் இஸ்திரி போடுறாங்க."

பின்னறையை ஒழிக்க வேண்டாம், அண்ணி.