ரெண்டு யாசீன் நேரம்

யாருமே மௌத்தாகாமல் எங்கள் சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஆகக் கூடுதலான தடவை யாசீன் ஓதிய மனிதர் யாரென்று கேட்டால், ஊரே ஒரு பெயரைத்தான் சொல்லும்: யாசீன் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் காகம் இல்லை, மூத்த சகோதரர். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மனைவியும் கோபம் வந்தால்தான் அதைச் சொல்லுவார்.

யாசீன் குர்ஆனின் ஓர் அத்தியாயம். வியாழன் பின்னேரங்களில் வீட்டில் ஓதுவோம். உயிர் பிரியும் நேரம் தலைமாட்டில் இருந்து ஓதுவோம், மௌத்தான பிறகு மையித்து வீட்டிலும் ஓதுவோம். காக்கா அதைத் தன் ட்ரோன் எவ்வளவு நேரம் ஆகாயத்தில் நிற்கிறது என்று பார்க்க ஓதினார்.

கல்யாண வீடியோ எடுப்பது அவருடைய தொழில். தொழிலுக்கென்று வாங்கிய ட்ரோன் கொஞ்ச நாளில் தொழிலையே தின்றுவிட்டது. அதை இன்னும் கொஞ்ச நேரம் மேலே நிற்க வைப்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. பழைய லெப்டொப் பெட்டரிகளை உடைத்து, உள்ளே உயிரோடு இருந்தவற்றைப் பொறுக்கி, தானே ஒரு பெட்டரி கட்டினார். அதனால் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று போன் காட்டும் கணக்கு அவருக்கு உதவாமல் போயிற்று.

"போன் சொல்றது கடைப் பெட்டரிக்குத்தான் சரி, தம்பி. எனக்கு யாசீன் இரிக்கு. அது பொய் சொல்லாது" என்பார். ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஓதுவார். அந்தச் சீர்தான் அவருடைய மணிக்கூடு.

அவர் ஓதுவதை ஊர் கண்ட முதல் நாள் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தொப்பியோடு மணலில் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்தபடி ஓதிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த மீன்காரர் ஒருவர் இறங்கி, மரணச் செய்திக்குச் சொல்லும் "இன்னாலில்லாஹி" சொல்லி, "யாரு காக்கா?" என்று கேட்டார். ஓதும்போது கதைக்கக் கூடாதல்லவா? காக்கா விரலை மட்டும் மேலே காட்டினார். மீன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்திவிட்டார். அவரைப் பார்த்து நாலு பேர், அந்த நாலு பேரைப் பார்த்துத் தெருவே வந்தது. எங்கே அடக்கம், எத்தனை மணிக்கு என்று ஒருவர் பள்ளிவாசலுக்குப் போன் எடுத்துக் கேட்கிறார். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். காக்கா கடைசி ஆயத்தை ஓதி முடித்தார். ட்ரோனும் முனகிக்கொண்டே மணலில் வந்து விழுந்தது.

"யாரு காக்கா மௌத்து?" என்றேன்.

"பெட்டரிதான், தம்பி. மத்த நாளையில ஓதி முடிய முந்தியே மௌத்தாகிரும். இண்டைக்குக் கடைசி வரைக்கும் நிண்டுட்டு!"

பள்ளிவாசலில் தொழுவிக்கும் ஹஸ்ரத் அவரைக் கூப்பிட்டு, "மிசினுக்காக ஓதலாமா?" என்று விசாரித்தார். "அது மேல போனா எனக்கு நெஞ்சு படபடக்கும், ஹஸ்ரத். பயத்துலதான் ஓதுற. ஓதி முடிய அதுவும் இறங்கிரும்" என்றார் காக்கா. அந்தப் பயத்தில் ஹஸ்ரத் என்ன குறை கண்டிருப்பார்? தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு யாசீன் கைவந்ததும் காக்காவுக்கு ரெண்டில் ஆசை வந்தது. பெரிய பெட்டரி கட்டிப் பார்த்தார். நேரம் குறைந்ததுதான் மிச்சம். "கட்டுச்சோறு கூடிப்போனா நடக்கிறவனுக்கு அதுவே பாரம்" என்று கழற்றினார். பிறகு பாரம் குறைக்கிற பைத்தியம் பிடித்தது. நகைக்கடைத் தராசில் ஆணிகளை நிறுத்தார். ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினார், பெயின்ட்டையும் சுரண்டினார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் ராத்தா, குசினிக்குள் இருந்து, "ஒங்கட தொந்தி வகுத்தையும் கொஞ்சம் குறைச்சா என்ன?" என்றார்.

"அது பறக்கிறல்லயே" என்றார் காக்கா, ஆணியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு யாசீன் நிண்டா என்ன காக்கா செய்வீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் நியாயமாக யோசித்துவிட்டு, "மூணு பாப்பன்" என்றார்.

இந்தப் பைத்தியம் சில்மியாவின் கல்யாணத்தில் போய் முட்டியது. சில்மியா எங்கள் தெருப் பிள்ளை. மாப்பிள்ளை ஜவாத், சின்ன போட்டில் கடலுக்குப் போகிறவன். போட்டோவுக்கு வேறு ஆள் இருந்தார், வானத்து வீடியோ காக்காவின் பொறுப்பு. மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது ட்ரோன் தலைக்கு மேலே நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. சனமெல்லாம் அண்ணாந்து கை காட்டியது. ஜவாத் வெட்கத்தை விட்டு ரெண்டு கையையும் ஆட்டினான். சில்மியா ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கை காட்டினாள். கீழே காக்கா ஆனந்தத்தில் கத்தினார்: "ஒண்டரை யாசீன்! ஒண்டரை யாசீன்!"

அடுத்த நாள் சில்மியாவின் உம்மா வீடியோவைக் கேட்டார்.

"வீடியோவா? கெமரா பாரமெண்டு கழட்டிட்டனே, மாமி. அதாலதானே அவ்வளவு நேரம் நிண்டது!"

மாமி பேசியதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. சில்மியா அவரோடு கதையை விட்டாள். அன்றிலிருந்து காக்கா தெருவால் வந்தால் கேட்டைச் சாத்தினாள். அந்தச் சத்தம் காக்காவை நன்றாகவே சுட்டது. அவளுடைய வீட்டைத் தாண்டும்போது மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, குற்றவாளி மாதிரி நடந்து போவார்.

பிறகு கச்சான் காற்று வீசுகிற காலம் வந்தது. கச்சான் கரையில் இருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. ஒரு நாள் விடியச் சுபஹுக்கு முன் தனியாகப் போன ஜவாத், மதியம் லுஹர் தாண்டியும் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. வலை போட்ட இடம் தெற்கே என்று போட்டுகளெல்லாம் தெற்கே தேடின. சில்மியா அலை நனைக்கிற இடத்தில் நின்றாள். வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

காக்கா ட்ரோனோடு வந்தார். மணலில் குந்தியிருந்து முதலில் கெமராவைப் பூட்டினார். எங்கள் எல்லோருக்கும் அந்தக் கெமராவைத் தெரியும். பிறகு, அதன் பாரத்துக்கு ஈடாக, ட்ரோன் ஊன்றி இறங்குகிற கால்களைக் கழற்றினார்.

"காலில்லாம எப்படிக் காக்கா இறங்கும்?" என்றேன்.

"இறங்கிறத மறுகா பாப்பம்."

ட்ரோன் எழும்பியது. பழக்கதோஷம், அவர் வாய் யாசீனைத் தொடங்கிவிட்டது. சில்மியா திரும்பினாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவரோடு அவள் கதைத்த முதல் கதை அது:

"ஓதாதீங்க காக்கா! என்ட மனிசன் மௌத்தாகல்ல!"

கஷ்டம் நீங்கவும் யாசீன் ஓதலாம், அது அவளுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதை எந்த வாயால் சொல்வது? காக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருடைய ட்ரோன் முதல் தடவையாக மணிக்கூடு இல்லாமல் பறந்தது.

தெற்கைப் போட்டுகளுக்கு விட்டுவிட்டு, நீரோட்டம் வடக்கே இழுத்திருக்கும் என்று, அவர் ட்ரோனை நேரே கடலுக்குள் ஓட்டி வடக்கே திருப்பினார். போனின் திரையில் தண்ணீர், தண்ணீர், வேறொன்றும் இல்லை. பார்த்துப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது. பிறகு வெள்ளையாக ஒரு கீறல். கிட்டப் போனால் கவிழ்ந்த போட். அதன் முதுகில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். ட்ரோனின் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினான். ஒரு கையைத் தூக்கினான், பிறகு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"அவர்தான்!" என்றாள், எங்கள் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்த சில்மியா.

நான் தேடிப் போன போட்காரர் ஒருவருக்குப் போன் எடுத்து, காக்கா சொல்லச் சொல்ல வழி சொன்னேன். போட் தூரத்தில் இருந்தது. நீரோட்டம் ஜவாத்தை இழுத்துக்கொண்டிருந்தது. ட்ரோன் கண்ணை எடுத்தால் ஆளை மறுபடி தேட வேண்டும். காக்காவின் போனோ, திரும்பு திரும்பு என்று கத்தத் தொடங்கியது. போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போனது. வரும்போது அதே காற்றுக்கு எதிராக வர வேண்டும். அதற்குப் பெட்டரி மிச்சம் வேண்டும்.

"காக்கா, இப்ப திருப்பாட்டி வராது."

"வராட்டிக் கிடக்கட்டும். நீ அவனுகளுக்கு வழியச் செல்லு."

அவர் விரல் அசையவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. எத்தனையோ நாள் ஒவ்வொரு ஆணியாக நிறுத்துச் சேர்த்த நேரம் முழுவதையும் அந்தப் போட்டின் முதுகுக்கு மேலே அப்படியே கொட்டிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் தேடிப் போன போட்டின் மூக்குத் தெரிந்தது. ஒரு கை நீண்டது, ஜவாத்தின் கை அதைப் பிடித்தது. திரை கறுத்தது.

ட்ரோன் எவ்வளவு நேரம் நின்றது என்று யாருக்கும் தெரியாது. ரெண்டு யாசீன் தாண்டியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லுவேன். போனில் பார்க்கலாமே என்றால், "அது சொல்ற கணக்க நான் எப்ப நம்பின?" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட நேரம் கிடைத்த அன்று, அதை அளக்காமல் விட்ட மனிதர் அவர்.

ட்ரோன் கடலோடு போனது. காக்காவின் போனில் பதிவான அந்த வீடியோ இப்போது சில்மியாவின் வீட்டில் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால், "எங்கட கல்யாண வீடியோ" என்று போட்டுக் காட்டுவாள். சத்தமில்லாத கடலில் மாப்பிள்ளை ரெண்டு கையையும் ஆட்டுவான்.

போன கிழமை காக்கா புதிதாகக் கட்டிய ட்ரோனைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். மேலே ஏற்றிவிட்டு வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜவாத்தோடு நின்ற சில்மியா கிட்ட வந்து, "ஓதுங்க காக்கா" என்றாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓதத் தொடங்கினார்.

வெளியூர் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "யாரு மௌத்து?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தருமில்ல" என்றாள் சில்மியா. அவருக்கு நம்பிக்கை வரவில்லை, பக்கத்தில் குந்திக்கொண்டார். நானும் குந்தினேன். காக்கா ஓதி முடிக்கவே கூடாது போலிருந்தது எனக்கு.