ஃப்ரிட்ஜைக் கெடுத்து அனுப்பவும்

என் மனைவியுடன் பிறந்தவரும், எங்கள் பழைய ஃப்ரிட்ஜின் இந்நாள் உரிமையாளருமான அருமை மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா, புது ஃப்ரிட்ஜ் மூவரும் நலம்.

மகளை ரயிலேற்றிவிட்டு அப்பா வெறும் வீட்டுக்குத் திரும்புகிற காட்சிக்கு நான் இசையமைத்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். வசனமே கிடையாது, பாரம் முழுக்க என் தலையில். போன மாதம் டைரக்டர் வீட்டுக்கு வந்தபோது கீபோர்டில் வாசித்துக் காட்டினேன். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதே மாதிரி ஆர்கெஸ்ட்ராவுல வரணும் சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி வீட்டில் ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று அன்றைக்கே உன் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. கலைஞன் வீடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த வாரமே புது ஃப்ரிட்ஜ் வந்து, பழையது உன் வீட்டுக்குப் போனதுதான் வினை.

நேற்று ஸ்டுடியோ நிறைய வயலின், செல்லோ, புல்லாங்குழல் எல்லாரையும் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். "எல்லாம் இருக்கு சார், ஆனா அன்னிக்குக் கேட்டது இல்ல" என்றார் டைரக்டர். செல்லோவைக் கூட்டினேன், வயலினைக் குறைத்தேன், புல்லாங்குழல்காரரைச் சும்மா இருக்கச் சொன்னேன், அவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. கடைசியில் டைரக்டர், "இன்னும் ஒரு நாள் பார்ப்போம். அப்பவும் வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். எப்படி நினைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அதே கீபோர்டில் வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று சமையலறைப் பக்கமிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் விடாமல் கூடவே வந்தது. இப்போது அது இல்லை. ஃப்ரிட்ஜும் இல்லை.

போனில் கேட்டால், "மெக்கானிக்கை வெச்சு சரி பண்ணிட்டேன் அத்தான், இப்ப சத்தமே வர்றதில்ல" என்று பெருமையடித்துக்கொள்கிறாய். உன்னை யாரப்பா கேட்டது? அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சரி செய்ததை மறுபடி கெடுக்கச் சொல். செல்லோக்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி மைக் வைக்க ஏற்பாடாகிவிட்டது. இந்தக் கடிதம் கொண்டுவரும் வேன்காரரிடமே ஏற்றி அனுப்பு. உள்ளே இருப்பதை எடுத்துவிடு, முட்டை இருந்தால்கூட சுருதி மாறும். நாளைக் காலை பதிவு. விளையாட்டாகச் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது, என் பிழைப்பு உன் கையில்.

ஃப்ரிட்ஜ் பழுதோடு வந்து இறங்கியதும் உனக்கும் உன் வீட்டாருக்கும் என் முழு ஆசிகள்.

அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். வேன்காரர்கிட்ட கொடுன்னு லெட்டரை என் கையிலதான் கொடுத்தார், அதுவும் சைகையில. ஃப்ரிட்ஜை அனுப்பாத. மத்தியானம் இவர் தூங்கறப்ப டைரக்டர் போன் பண்ணினார். "அன்னிக்கு டீ போடும்போது உள்ள பாடிக்கிட்டு இருந்தது நீங்கதானே மேடம்?"னு கேட்டார். கல்யாணமான நாளா இவர் வாசிக்கறப்பல்லாம் நானும் வாய்க்குள்ளயே கூடப் பாடிக்கிட்டுத்தான் இருந்தேன், போன மாசம் வரைக்கும். இவருக்கு அது ஃப்ரிட்ஜ். நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வர்றேன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். இவர்கிட்ட சொல்லல. வீட்டுல சத்தம் கேட்கக் கூடாதுன்னு உத்தரவு.