தாங்கள் பிரேக்கை மிதியுங்கள்

“சம்பந்தி, தாங்கள் கொஞ்சம் சிரமம் பார்க்காம, அந்த பிரேக்கை மெதுவா மிதிச்சீங்கன்னா...”

மாஸ்டர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் குப்பைத்தொட்டி சாய்ந்து, உருண்டு, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றது. கார் அதற்குப் பிறகுதான் நின்றது.

“மிதிச்சேனே!” என்றார் சம்பந்தி.

“மிதிச்சீங்க. அருமையா மிதிச்சீங்க. கொஞ்சம் முன்னாடி மிதிச்சிருக்கலாம், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் இறங்கிப் போய்த் தொட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்த வேலையை அவர் செய்து இருபது வருடமாவது இருக்கும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் மாஸ்டர் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய பயிற்சிப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. காருக்கு வெளியே யாராக இருந்தாலும் ‘சார்’, ‘மேடம்’. ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் டாக்டரானாலும் ‘டேய்’தான், கலெக்டர் வீட்டு அம்மாவானாலும் ‘ஏய்’தான். “லாரி எதிர்ல வர்றப்போ மரியாதைக்கு எங்க நேரம்?” என்பது அவர் கட்சி. இத்தனை வருடத்தில் காருக்குள் மூன்றே மூன்று பேரைத்தான் ‘நீங்க’ என்றிருக்கிறார். மூன்று பேரின் கையையும் அன்போடு பிடித்துக்கொண்டு, “நீங்க பஸ்லயே போங்க சார்” என்று வழியனுப்பி வைத்தார். மற்ற எல்லோரும் திட்டு வாங்கினார்கள், லைசென்சும் வாங்கினார்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவன்தான் இப்போது மாப்பிள்ளை ஆகப்போகிறவன். ஒரு மணி நேரத்தில் அறுபது ‘டேய்’ வாங்கிக்கொண்டும் அவன் சிரித்த முகமாக இறங்கியதன் காரணம், அலுவலக அறையில் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மகள் என்பது பிறகுதான் தெரிந்தது. பையன் தங்கம். மகளுக்கு அவன் மேல் உயிர். மாஸ்டருக்கும் சந்தோஷம்தான். பையனுடைய அப்பாவிடம் மட்டும்தான் பயம்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இதற்கு முன் பையனுக்கு வந்த ஒரு சம்பந்தத்தில், பெண்ணின் சித்தப்பா வாய் தவறி, “உட்காருய்யா” என்று சொல்லிவிட்டாராம். உட்காராமலே எழுந்து... அதாவது, நின்றபடியே திரும்பிப் போய்விட்டாராம் மனுஷன். தரகர் இந்தக் கதையைச் சொன்னபோது மாஸ்டரின் மனைவி கணவரின் வாயைத்தான் பார்த்தாள்.

நிச்சயத் தேதி குறிக்கப் பத்து நாள் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியருக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. அதுவும் சொந்தமாக வாங்கிய புதுக் காரில். பயிற்சிக் காராக இருந்தால் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பேச்சே வேண்டாம், மிதித்துவிடலாம். புதுக் காரில் ஏது? கைப்பிரேக்கையாவது இழுக்கலாம் என்றால், கியர் மாற்றாத நேரமெல்லாம் சம்பந்தியின் ஒரு கை அதன் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தது.

“இதோ பாருங்க, ‘ங்க’ இல்லாம வாயை மூடக்கூடாது. நம்ம பொண்ணு வாழ்க்கை உங்க நாக்குல இருக்கு” என்று மனைவி முதல் நாளே எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

பழக்கம் வர வேண்டுமே என்று மாஸ்டர் வீட்டிலேயே ஆரம்பித்தார்.

“நீங்க கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

மனைவி செம்பை அப்படியே வைத்துவிட்டாள். “என்னங்க கோவம் எம்மேல?”

“கோவமா? மரியாதை!”

“கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை ‘நீங்க’ன்னு சொன்னீங்க. உங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டேன்னப்போ. அப்புறம் மூணு நாள் பேசலை. எனக்கு வேணாம் இந்த மரியாதை. வெளியில வச்சுக்குங்க.”

வெளியில் வைத்துக்கொண்டதில்தான் குப்பைத்தொட்டி சாய்ந்தது. மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மரியாதை நீளமானது, தெரு குட்டையானது. பேசாமலே சொல்லிக்கொடுத்தால் என்ன?

மறுநாள் கைக்குட்டையோடு போனார். “சம்பந்தி, நான் இந்தக் கைக்குட்டையைத் தூக்கினா பிரேக். இறக்கினா போகலாம். உங்களுக்கு வார்த்தையால தொந்தரவே இருக்காது.”

“ஏன், பேசக்கூடாதா?” என்றார் சம்பந்தி, ஒரு மாதிரியான குரலில்.

“சேச்சே! பெரியவங்க கவனம் கலையக்கூடாதுன்னுதான்.”

சம்பந்தி நல்ல மாணவர். கைக்குட்டை எப்போது எழும் என்று அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு ஓட்டினார். சாலையை யாரும் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு விளக்குக் கம்பத்தில் போய்ச் சேர்ந்தது.

“என் ஓட்டம் எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க” என்று கேட்டார் சம்பந்தி. நெற்றியெல்லாம் வேர்வை.

“பிரமாதமா ஓட்டுறீங்க சம்பந்தி! நீங்க ஓட்டுறதைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்.”

சம்பந்தியின் முகம் சுண்டிப்போனது. “எம் பையனுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?” என்றார்.

மாஸ்டருக்கு அந்த அறுபது ‘டேய்’யும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. “மாப்பிள்ளையையா? பூப்போல நடத்தினேன் சார். ‘தம்பி, வாங்க, போங்க’ன்னுதான்.”

“அப்படியா? அவன் வேற மாதிரி சொன்னானே” என்று முனகினார் சம்பந்தி. பயல் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். அன்றிலிருந்து ‘ங்க’ போதாது என்று ‘தாங்கள்’ கூடுதலாகப் புழங்கியது. ‘தாங்கள்’ ஏற ஏறக் காரில் கீறலும் ஏறியது.

ஏழாம் நாள் அவருக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. ஆளைத் திட்டினால்தானே தப்பு? காரைத் திட்டினால் யார் கேட்பது?

திருப்பத்தில் ஒரு மாடிப்படிச் சுவர் கிட்ட வந்தபோது, “நில்லு கழுதை!” என்று கத்தினார்.

கார் சட்டென்று, குலுங்காமல், வரைந்து வைத்த கோட்டில் நிற்பதுபோல் நின்றது. மாஸ்டரே அசந்துபோனார். சம்பந்தி மெல்லத் திரும்பினார். கண்கள் பளபளத்தன.

“என்னையா சொன்னீங்க?”

“ஐயய்யோ!” மாஸ்டர் இருகையும் கூப்பினார். “தங்களைப் போய்ச் சொல்வேனா? வண்டியைச் சொன்னேன் சம்பந்தி, வண்டியை!”

“ஓ... வண்டியையா” என்றார் சம்பந்தி. வீடு திரும்பும்வரை பின்னால் வந்த சைக்கிள்கள் எல்லாம் அவரை முந்திக்கொண்டு போயின.

பத்தாம் நாள் காலை. சாயங்காலம் தேதி குறிக்கச் சம்பந்தி வீட்டார் வருவதாக ஏற்பாடு. கடைத்தெருவில் ஒருவர் ஏணி மேல் நின்று பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கார் நேராக அந்த ஏணியைக் குறிவைத்துப் போனது.

“சம்பந்தி, தாங்கள்...”

ஏணி பெரிதாகிக்கொண்டே வந்தது.

“தாங்கள் தயவுசெய்து...”

மேலே இருந்தவரின் செருப்பில் இருந்த தையல்கூடத் தெரிந்தது. மாஸ்டருக்குள் பத்து நாளாகப் பூட்டி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொண்டது.

“டேய்! மிதிடா! மிதிடா பிரேக்கை! கண்ணைக் கொண்டுபோய் எங்கடா வச்சிருக்க மடையா! ஆள் நிக்கிறது தெரியலை?”

கார் நின்றது. ஏணிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. மேலே இருந்தவர் தூரிகையைக் கீழே போட்டார். அது முன்கண்ணாடியில் நீலமாக ஒரு கோடு இழுத்துவிட்டு விழுந்தது.

மாஸ்டருக்குத் தான் சொன்னது காதில் விழ அரை நிமிடம் ஆயிற்று. மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

சம்பந்தி கண்ணாடியைப் பார்த்தார், வண்டியைப் பின்னால் எடுத்தார், திருப்பினார், சிக்னல் போட்டார். எங்கும் இடிக்காமல் தன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கினார். வாசல்வரை வந்த மாஸ்டரை ஒரு ‘வாங்க’கூடச் சொல்லாமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

மாஸ்டர் வீடுவரை நடந்தே வந்தார்.

“சொல்லிட்டீங்களா?” என்றாள் மனைவி, முகத்தைப் பார்த்ததுமே.

“சொல்லிட்டேன்.”

“எத்தனை?”

“நாலோ அஞ்சோ. அதுல ஒரு மடையனும் இருக்கு.”

மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மகள் அழவில்லை, அப்பாவின் அருகில் வந்து உட்கார்ந்து, “ஏணியில இருந்தவருக்கு ஒண்ணும் ஆகலைல்லப்பா?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவள் அழுதே இருக்கலாம் என்றிருந்தது மாஸ்டருக்கு. சாயங்காலம்வரை புழுங்கிவிட்டு, போய்க் காலில் விழுந்தாவது வருவது என்று சட்டையை மாட்டினார்.

பொத்தான் போடுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கேட்டுக்கு ஒரு முழம் முன்னால், நேராக, அழகாக. ஓட்டி வந்தவர் சம்பந்தி. பக்கத்தில் பையன், பின்னால் சம்பந்தியம்மா. முன்கண்ணாடியில் நீலக் கோடு அப்படியே இருந்தது.

மாஸ்டர் ஓடிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “சம்பந்தி, தாங்கள் பெரிய மனசு பண்ணி, காலையில நான் சொன்ன வார்த்தையைத் தாங்கள் மனசுல வச்சுக்காம, தாங்கள்...”

இறங்கிக்கொண்டிருந்த சம்பந்தியின் முகத்தில் இருந்த களை அத்தனையும் வடிந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “பார்த்தியா? நான் சொன்னேன்ல? மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்” என்றார், ஏறக்குறைய அழுகிற குரலில்.

சம்பந்தியம்மா கையில் இருந்த தாம்பூலத் தட்டை மகனிடம் கொடுத்துவிட்டு, மாஸ்டரின் மனைவியின் காதோரம் வந்தாள்.

“புண்ணியமாப் போகும், உங்க வீட்டுக்காரர்கிட்ட, எங்க வீட்டுக்காரரை ஒரு தடவை ‘டேய்’னு கூப்பிடச் சொல்லுங்க சம்பந்தி, அவர் ‘நீங்க’ன்னு சொல்லச் சொல்ல, பையன் சொன்ன அந்த மூணு பேர் மாதிரி தன்னையும் பஸ்லயே போகச் சொல்லிடுவாரோன்னு பத்து நாளா சோறு தண்ணி இறங்காம இருந்தவர், இன்னிக்குக் காலையில ‘மடையா’ன்னு கேட்ட பிறகுதான் உக்காந்து வயிறார சாப்பிட்டார்!”