தாமிரபரணியை அளந்த கிளைஸ்ட்ரான் அண்ணாச்சி

தண்ணீரைக் குடிக்கிற நேரத்தைவிட அளக்கிற நேரம் அதிகமாக இருந்த ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் கிளைஸ்ட்ரான் அண்ணாச்சிதான். கிளைஸ்ட்ரான் என்பது நுண்ணலைகளைக் கக்கும் ஒரு மின்னணுக் குழாய்; எந்நேரமும் அதன் முன்னாலேயே கிடந்ததால் அவருக்கு அந்தப் பெயர். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் நானும் அவரும் ஆராய்ச்சி மாணவர்கள். உப்புக் கரைசலும் சர்க்கரைக் கரைசலும் அந்த அலையை எவ்வளவு விழுங்குகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. பதநீர், கோலி சோடா எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ரசத்தை அளந்து, அதுவும் தண்ணீரும் ஒன்றுதான் என்று சொன்ன பிறகு கேன்டீன்காரர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

களக்காட்டில் அவருக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். டாக்டர் பட்டம் வந்தால்தான் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, அண்ணாச்சி வெறும் தண்ணீருக்கு எடுத்த அளவே புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் துருவியதில் குட்டு வெளிப்பட்டது. காய்ச்சி வடித்த தண்ணீரை நம்பாமல், தாமிரபரணியின் குறுக்குத்துறையில் மொண்டுவந்த ஆற்றுத் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் செய்திருக்கிறார்.

"ஆத்துத் தண்ணியில உப்பு கிடக்கும்வே" என்றார் பேராசிரியர்.

"தாமிரவருணியிலயா சார்? நீங்க உங்க ராதாபுரத்து உப்புக் கிணத்த நெனச்சிச் சொல்லுதீய."

வடித்த தண்ணீரை வைத்து அளக்கச் சொன்னார்கள். அதே எண்தான் வந்தது. ஆற்றிலிருக்கும் துளி உப்பு அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. உண்மையான குற்றவாளி வெயில். புத்தகம் சொன்னது இருபத்தைந்து டிகிரிக்கு. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் கஞ்சி மாதிரி சுட்டது.

குளிர்ந்த நீரைச் சுற்றவிட்டு, வடித்த தண்ணீரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தார். ஆனால் ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைத் தாமிரபரணித் தண்ணீரின் அளவுகளுக்கு ஒதுக்கிவிட்டார். சிரிப்பார்கள், பட்டமே போய்விடும், அந்தப் பக்கத்தை எடுத்துவிடும்வே என்று பேராசிரியர் கெஞ்சிப் பார்த்தார். நானும் களக்காட்டை நினைவுபடுத்தினேன். மனிதர் அசையவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். ஆராய்ச்சிக்கு இது எதற்கு என்று கேட்டார்.

"தேவ இல்லதான் சார். ஆனா அளந்தேன், ரெண்டும் ஒண்ணுபோல வந்துச்சி. அளந்தத எப்படி சார் இல்லன்னு சொல்ல?"

வந்தவர் ஆய்வேட்டை மூடினார். பிறகு பேனாவைத் திறந்து, பட்டம் தரலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

களக்காட்டுக் கல்யாணத்தில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் நான் மாப்பிள்ளையின் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.